1750-க்கு முன் அமெரிக்கா வந்த ஜெர்மன் முன்னோர்: தேடிப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லங்காஸ்டர் மருமகள்:

என் கணவர் வீட்டில் ஒரு கதை சொல்வார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே கப்பலில் வந்தார்களாம். ஒருவர் பென்சில்வேனியாவிலேயே தங்கிவிட்டார், ஒருவர் வர்ஜீனியா போனார், மூன்றாமவர் என்ன ஆனார் என்று தெரியாது. பென்சில்வேனியாவில் இந்த லங்காஸ்டர் வட்டாரத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான் ஓடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. மாமனார் ஓய்வு பெற்றதும் இதைத் துருவ ஆரம்பித்தார். அவருக்குப் பார்வை மங்கல். அதனால் பழைய கையெழுத்தை வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குடும்பப் பெயரை இங்கே போட விருப்பமில்லை. மில்லர் மாதிரி எங்கும் கிடைக்கிற பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கப்பல் பட்டியலைத்தான் பார்த்தோம். 1727 செப்டம்பரிலிருந்து பிலடெல்பியாவில் இறங்கும் ஜெர்மானியர்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்கள், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கும்: கேப்டன் கொடுத்தது ஒன்று, உறுதிமொழிக் கையெழுத்துகள் இரண்டு. பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் கணக்கிலேயே வர மாட்டார்கள். உறுதிமொழி நாளில் காய்ச்சலோடு படுத்துக் கிடந்த ஆணும் கையெழுத்துப் பட்டியலில் இருக்க மாட்டார். ஸ்ட்ராஸ்பர்கர், ஹின்கே இருவரும் 1934-இல் இவற்றை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் அச்சிட்ட பெயர்களைப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்கள். எனக்கு உதவியது இரண்டாவது தொகுதி. அதில் அந்த ஆட்கள் போட்ட கையெழுத்தே அப்படியே படமாக இருக்கிறது.

எங்கள் ஆளின் பெயரில் அரை டஜன் பேராவது வெவ்வேறு கப்பல்களில் வந்திருக்கிறார்கள். 1760-களில் அவர் எழுதிய உயிலின் படத்தை லங்காஸ்டர் ஆவணங்களிலிருந்து வாங்கினோம். கீழே கையெழுத்து. முதல் எழுத்தில் ஒரு பெரிய சுழி, கடைசியில் கோட்டுக்குக் கீழே இறங்கும் ஒரு வால். கப்பல் பட்டியலில் இருந்த அத்தனை பேரில் ஒருவர் மட்டும் அதே சுழியும் வாலுமாக எழுதியிருந்தார். முப்பது வருட இடைவெளியில் கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எழுதத் தெரியாதவராக இருந்திருந்தால் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார், அவர் நடுவில் ஒரு குறி மட்டும் போட்டிருப்பார். அப்போது இந்த வழி அடைபட்டிருக்கும்.

ஆனால் கப்பல் கிடைத்தால் ஊர் கிடைத்துவிடாது. பட்டியலில் சொந்த ஊர் இல்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். நாங்கள் அவர் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, பட்டியலில் அவருக்கு முன்னும் பின்னும் கையெழுத்துப் போட்டவர்களைத் தேடினோம். ஒரே ஊர்க்காரர்கள் வரிசையிலும் ஒன்றாகத்தானே நிற்பார்கள்! லங்காஸ்டர் பக்கத்து லூத்தரன் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில், இவருடைய பிள்ளைகளுக்கு ஞானத் தகப்பனாக நின்றவர்களை எடுத்து வைத்துக்கொண்டோம். இரண்டு பட்டியலிலும் வந்த ஒருவருக்கு அபூர்வமான குடும்பப் பெயர். அந்தப் பெயரை வைத்துத் தேடினால் ஹைடல்பெர்க்குக்கும் ஹைல்பிரானுக்கும் நடுவில் இருக்கும் கிரைஷ்காவ் பகுதியில் ஒரே ஒரு கிராமம்தான் வந்தது. அந்தக் கிராமத்துச் சபைப் பதிவேட்டில் எங்கள் ஆளின் கல்யாணம், இரண்டு பிள்ளைகளின் ஞானஸ்நானம், அதில் ஒன்றின் சாவு. ஓரத்தில் போதகர் சின்னதாக எழுதியிருந்தார்: பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார்கள்.

மாமனார் அந்தப் பக்கத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். மூன்று சகோதரர் கதையை மட்டும் இன்னும் விடவில்லை, வேறு விஷயம்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள். இங்கே வந்து குடும்பமாகிவிட்ட நம்மவர்கள் இப்போது நிறைய பேர் இந்தத் தேடலில் இருக்கிறார்கள் என்று தெரியும்.

ரெடிங் ராமு:

அக்கா, அருமை. நான் எனக்காகத் தேடவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு கம்ப்யூட்டர் வராது, அதனால் மாட்டிக்கொண்டேன். அவர் குடும்பம் டல்பெஹாக்கன் பக்கம், இன்றைக்கு அது பெர்க்ஸ் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). ஏற்கெனவே ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு தேடிக் கொடுத்திருந்தார். 1740-களுக்கு பெர்க்ஸில் ஒன்றுமே இல்லை என்று எழுதி முடித்துவிட்டார். இருக்காதுதான்! பெர்க்ஸ் கவுன்ட்டியே 1752-இல்தான் உருவானது. அதற்கு முன் அந்த இடம் லங்காஸ்டர் கவுன்ட்டி, 1729-க்கு முன் செஸ்டர். மனிதர் அதே பண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார், கவுன்ட்டி மாறிக்கொண்டே இருந்தது. உயில், பத்திரம் எதுவானாலும் அந்த வருடம் எந்த கவுன்ட்டியோ அங்கே தேட வேண்டும்.

நில ஆவணத்தை விட்டுவிடாதீர்கள். அப்போது பென்சில்வேனியாவின் உரிமையாளர்களாக இருந்த பென் குடும்பத்திடமிருந்து நிலம் வாங்க மூன்று படி: முதலில் அளக்கச் சொல்லும் உத்தரவு, பிறகு அளவை, கடைசியில் பட்டா. பலர் முதல் இரண்டு படியோடு நின்றுவிட்டுப் பட்டாவைப் பல வருடம் கழித்துத்தான் வாங்கினார்கள், சிலருக்கு மகன் காலத்தில்தான் வந்தது. அளவை வரைபடத்தில் நான்கு பக்கமும் அக்கம்பக்கத்தார் பெயர் எழுதியிருக்கும். நம்மூர்ப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவது போலத்தான். தாத்தாவுக்கு மாமியார் வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த எல்லைப் பெயர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணைக் கட்டியிருக்கிறார் மூதாதை. ஹாரிஸ்பர்க்கில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்புறம், டல்பெஹாக்கன் ஆட்களைக் கப்பல் பட்டியலில் தேடிக் களைத்துப் போகாதீர்கள். 1723-இல் அங்கே முதலில் குடியேறியவர்கள் பிலடெல்பியா வழியாக வரவே இல்லை. நியூயார்க்கின் ஷோஹாரியிலிருந்து இறங்கி வந்தவர்கள்.

ஹட்சன் கரை:

ஆமாம், அது 1709 கூட்டம். அந்த வருடக் கடுங்குளிருக்குப் பிறகு ரைன் பகுதியிலிருந்து ஏறக்குறைய 13,000 பேர் லண்டனுக்கு வந்து குவிந்தார்கள். அவர்களில் சுமார் 3,000 பேரை 1710-இல் நியூயார்க்குக்கு அனுப்பி, கடற்படைக்குத் தார் காய்ச்ச வைத்தார்கள். அந்தத் திட்டம் படுத்துவிட்டது. ஆனால் ஆளுநர் ஹன்டர் அவர்களுக்குக் கொடுத்த ரேஷன் கணக்கு தப்பியிருக்கிறது. குடும்பத் தலைவர் பெயர், வீட்டில் பெரியவர் எத்தனை, சிறியவர் எத்தனை. என் மனைவியின் முன்னோர் வீட்டில் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் பெரியவர் ஒருவர் குறைகிறார். அவர் யார் என்பதை அந்த எண் சொல்லாது. அடுத்து மறுமணப் பதிவு கிடைத்தபோதுதான் புரிந்தது.

மயிலாடுதுறைக்காரன்:

நான் இந்த வழியில் வந்தவன் இல்லை. தரங்கம்பாடி மிஷன் பற்றிய வேலைக்காக ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போனவன். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார், தெரியும். அவருக்குப் பின்னால் நின்ற பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அங்கே வாசிப்பு அறையில் எனக்கு அடுத்த மேசையில் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் தமிழ்நாட்டுக் கட்டைப் பிரிக்கிறேன், அவர் அமெரிக்கக் கட்டைப் பிரிக்கிறார், இரண்டும் ஒரே இடத்திலிருந்து போன ஆட்கள் எழுதியவை.

அவருடைய முன்னோர் சால்ஸ்பர்கர்கள். இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க்கின் பேராயர் 1731-இல் புராட்டஸ்டன்ட்களை நாட்டை விட்டுத் துரத்தினார், சுமார் 20,000 பேர். பெரும்பாலோர் கிழக்குப் பிரஷ்யாவுக்குப் போனார்கள். ஒரு சிறு பகுதி 1734-இல் ஜார்ஜியா வந்து எபனேசர் என்று ஊர் அமைத்தது. முதல் இடம் சரிப்படாமல் 1736-இல் ஊரையே இடம் மாற்றினார்கள். கூடப் போன போதகர்கள் போல்ட்ஸியஸும் குரோனாவும் ஹாலே ஆட்கள். தினமும் நடந்ததை எழுதி அனுப்புவது அவர்கள் கடமை. தரங்கம்பாடியிலிருந்தவர்களும் அதையே செய்தார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் குழந்தை, யாருடைய மாடு செத்தது, யார் யாரோடு சண்டை, எல்லாம் இருக்கும்.

அந்த அம்மா என்னிடம் ஒரு வரியைக் காட்டினார். அவருடைய பாட்டிக்குப் பாட்டி வழியில் வரும் ஒரு பெண், வந்த புதிதில் கணவனையும் குழந்தையையும் பறிகொடுத்துவிட்டு யாரிடமும் பேசாமல் இருந்ததாகப் போதகர் எழுதியிருந்தார். கப்பல் பட்டியலில் பெண்களே இல்லை என்று மேலே சொன்னீர்கள். இந்த நாட்குறிப்புகளில் அவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவுக்கு 1742-இல் வந்த போதகர் மூலன்பெர்க்கும் ஹாலே அனுப்பிய ஆள்தான். உங்கள் குடும்பம் லூத்தரன் என்றால் அவர் நாட்குறிப்பையும் பாருங்கள்.

பெத்லஹேம் நர்ஸ்:

பெண்கள் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் இருப்பது பென்சில்வேனியாவின் பெத்லஹேம், 1741-இல் மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் சபையார் உண்டாக்கிய ஊர். அவர்களிடம் ஒரு வழக்கம்: ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைக்க வேண்டும், அல்லது சொல்லி எழுத வைக்க வேண்டும். அடக்கத்தின்போது அதை வாசிப்பார்கள். பெண்களுக்கும் உண்டு. எந்தக் கிராமத்தில் பிறந்தேன், அப்பா என்ன தொழில், எப்போது கப்பல் ஏறினேன் என்று அவரவர் வாயாலேயே இருக்கும். ஆயிரக்கணக்கில் காப்பகத்தில் இருக்கின்றன. முன்னோர் மொரேவியராக இருந்தால் மற்றவர்களை விடப் பத்து மடங்கு அதிர்ஷ்டம்.

என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு பெரியவர், தன் முன்னோர் தம்பதியின் கல்லறை பக்கத்துப் பக்கத்தில் இல்லையே, பிரிந்துவிட்டார்களா என்று கவலைப்பட்டார். அப்படி ஒன்றுமில்லை. அங்கே குடும்பமாகப் புதைக்கும் வழக்கம் இருந்ததில்லை. திருமணமான ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கல்யாணமாகாதவர்கள் தனி. எல்லாருக்கும் ஒரே மாதிரி தரையோடு படுத்த கல்.

சோதனைக்குழாய்:

டிஎன்ஏ பரிசோதனை எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு தலைமுறை மேலே 256 பேர். சராசரியாக ஒருவரிடமிருந்து நமக்கு வருவது டிஎன்ஏவில் 256-இல் ஒரு பங்கு. சிலரிடமிருந்து ஒன்றுமே வந்திருக்காது. ஆண்வழி ஒய் குரோமோசோம் பரிசோதனை வேறு, அது ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு குடும்பங்கள் உண்மையில் உறவா என்று பிரித்துக் காட்டும். ஊரைச் சொல்லாது. இணையத்தில் ஒருவர் போட்ட குடும்ப மரத்தை இன்னொருவர் நகலெடுத்து வைத்திருப்பதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

லங்காஸ்டர் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. ராமு, எல்லைப் பெயர் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை, இந்த வாரமே பார்க்கிறேன். ஒரு கேள்வி. உயிலில் மூத்த மகள் பெயர் இருக்கிறது, ஜெர்மன் பதிவேட்டில் அவள் பிறப்பும் இருக்கிறது. ஆனால் இங்கே வந்த முதல் பத்து வருடத்தில் எந்தப் பதிவிலும் அவள் இல்லை. எங்கே போயிருப்பாள்?

ரெடிங் ராமு:

கப்பல் கூலி கட்ட முடியாத குடும்பமாக இருக்கலாம் அக்கா. அப்படிப்பட்டவர்கள் இறங்கவே முடியாது. வாங்க வருபவர்கள் கப்பலுக்கே வந்து பேரம் பேசி, கூலிக் கடனைக் கட்டி அழைத்துப் போவார்கள். பெரியவர்களுக்கு மூன்று முதல் ஆறு வருட வேலை, பிள்ளைகள் 21 வயது வரை. 1750-இல் வந்த மிட்டல்பெர்கர் என்ற ஆசிரியர் இதை விவரமாக எழுதியிருக்கிறார். அப்பா ஒரு வீட்டுக்கு, மகள் வேறு ஊருக்கு என்று பிரிந்து போவதும் சாதாரணம்.

1739-இலிருந்து ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் சாவர் ஒரு ஜெர்மன் பத்திரிகை நடத்தினார். அதில் அண்ணனைத் தேடுகிறேன், மகளைத் தேடுகிறேன் என்று விளம்பரங்கள் வரும், பெரும்பாலும் சொந்த ஊர்ப் பெயரோடு. ஜெர்மன் பத்திரிகைகளின் விளம்பரங்களைத் தொகுத்த புத்தகம் ஒன்றும் இருக்கிறது, 1743-இலிருந்து தொடங்கும். லங்காஸ்டரில் உள்ள வரலாற்றுச் சங்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிரைஷ்காவ் கிராமத்தின் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.