கேட் சுவிட்சைக் கட்டி வைத்து ஓட்டுகிறார்கள், என்ன செய்ய?

இரவுஷிப்ட்:
வணக்கம். இன்ஜெக்ஷன் மோல்டிங் (உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டு என்கிற அச்சுக்குள் செலுத்திப் பொருள் செய்வது) வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. எனக்குக் கொடுத்திருப்பது 150 டன் ஹைட்ராலிக் மெஷின், பழையது. பிபி (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக்கில் மூடி ஓடுகிறது. ஏழெட்டு ஷாட்டுக்கு (ஒரு தடவை அச்சடிப்பது ஒரு ஷாட்) ஒன்று மோல்டிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் மோல்டை மறைக்கிற பாதுகாப்புக் கதவான கேட்டைத் திறந்து மூடினால் எண்ணிக்கை குறைகிறதாம். அதனால் முன்பக்க கேட் மூடியிருக்கிறதா என்று மெஷினுக்குச் சொல்கிற லிமிட் சுவிட்சை அழுத்திக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். கேட் திறந்தே கிடக்கிறது, மெஷின் ஆட்டோவில் ஓடுகிறது. மோல்டு திறந்து நிற்கும் மூன்று நொடிக்குள் கையை விட்டு எடுத்துவிட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் இதை ஒரு கைத்தொழில் மாதிரி சொல்லித் தந்தார். சூப்பர்வைசரிடம் கேட்டால், "லோ பிரஷர் வைத்திருக்கிறோம், கை பட்டால் தானே திறந்துவிடும்" என்கிறார். உண்மையா? புது ஆள் என்பதால் நான்தான் சும்மா பயப்படுகிறேனா?

பழையசெட்டர்:
தம்பி, பயம் சரியான பயம்தான். முதலில் அந்த லோ பிரஷர் கதையை முடித்துவிடுவோம். அது மோல்டைக் காப்பாற்ற வைத்தது. ஒரு ரன்னர் துண்டு (பிளாஸ்டிக் பாய்கிற வழியில் உறைந்த மிச்சம்) இடையில் மாட்டினால், குறித்த நேரத்துக்குள் மோல்டு முழுதாக மூடவில்லை என்று பார்த்து மெஷின் திறந்துகொள்ளும். உங்கள் விரல் மாட்டினாலும் திறக்கும்தான், ஆனால் நசுங்கின பிறகு. அசைகிற பிளேட்டும் பாதி மோல்டும் சேர்ந்து வருகிற எடைக்கு எலும்பு ஒரு பொருட்டே இல்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியாது. ஒரு தடவை கம்பியைக் கட்டியதே நான்தான். 22 வருஷம் செட்டர் வேலை, மோல்டு மாட்டி மெஷினைச் சரிசெய்து கொடுப்பது. ஒருநாள் புது மோல்டு போட்டு, கேட்டைத் திறந்து வைத்தபடி பீஸை வெளியே தள்ளுகிற எஜெக்டர் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்க்க ஐந்து நிமிஷத்துக்கென்று சுவிட்சோடு மற்றத் தடுப்புகளையும் கட்டினேன். அந்த நேரம் பார்த்து வேறொரு மெஷினில் ஆயில் ஹோஸ் வெடித்தது, ஓடினேன். அங்கேயே ஷிப்ட் முடிந்துபோனது. அடுத்த ஷிப்டுக்கு வந்த ஆபரேட்டர் நல்ல வேலைக்காரர், ஒழுங்காகக் கேட்டைத் திறந்துதான் கையை விட்டார். கேட் திறந்தால் மெஷின் நிற்கும் என்று நம்பிய மனிதர். இரண்டு விரல் போனது. கட்டினவனுக்குக் கட்டியிருப்பது தெரியும், அடுத்து வருகிறவனுக்குத் தெரியாது.

அப்புறம், உங்கள் மெஷினில் காவல் அந்த ஒரு சுவிட்ச் மட்டும் இருக்காது. கேட்டைத் திறந்தால் மூடுகிற பக்கத்துக்குப் போகிற ஆயிலையே நிறுத்துகிற ஒரு வால்வு இருக்கும். அதற்கும் மேலே, கேட் திறந்ததும் விழுந்து பிளேட்டைத் தடுக்கிற ஒரு இரும்பு பார் இருக்கும். மின்சாரம், ஆயில், இரும்பு என்று மூன்று. கேட் திறந்திருக்கும்போதே மோல்டு மூடுகிறது என்றால் மூன்றுமே செயலிழந்திருக்கின்றன என்று அர்த்தம். கம்பி உங்கள் கண்ணில் பட்டது, மற்ற இரண்டையும் யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 20430 என்று 2020-ல் வந்த தரமும் மோல்டு பக்கத்துக் கேட்டை ஒரே சுவிட்சை நம்பி விடக் கூடாது என்றுதான் சொல்கிறது.

நடைமுறைவாதி:
சார், புத்தகத்துக்கு எல்லாம் சரி. பத்து வருஷமாகக் கேட் திறந்துதான் ஓட்டுகிறேன், பத்து விரலும் இருக்கிறது. டார்கெட் வரவில்லை என்றால் இந்தத் தம்பியைத்தானே கேட்பார்கள்?

பழையசெட்டர்:
கேட்பார்கள், அது நிஜம். அதனால்தான் சூப்பர்வைசரிடம் போய்ப் பாதுகாப்பு என்று மட்டும் பேசாதீர்கள், "பீஸ் ஏன் ஒட்டுகிறது" என்று பேசுங்கள். தானாக விழுகிற பீஸுக்கு யாரும் கையை விடப் போவதில்லை. பிபி மூடி ஒட்டுகிறது என்றால் நான் முதலில் ஹோல்டிங் பிரஷரை, அதாவது மோல்டு நிரம்பிய பிறகும் பிளாஸ்டிக்கை அழுத்திப் பிடிக்கிற அழுத்தத்தை, பார்ப்பேன். அளவுக்கு மீறித் திணித்தால் பீஸ் கோரை (பீஸின் உட்பக்கத்தை உருவாக்குகிற மோல்டுப் பகுதி) இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடுத்து கூலிங் நேரம். அப்புறம் எஜெக்டர் இரண்டு தடவை தட்டுகிறதா, அதன் தள்ளுகிற ஊசி (பின்) முழுதாக வெளியே வருகிறதா. மூடி மாதிரிப் பொருளில் உள்ளே வெற்றிடம் உண்டாகியும் ஒட்டும், கோரில் காற்று ஊத வழி இருந்தால் அது போய்விடும். ஒரு நொடி கூலிங் கூட்டினால் நஷ்டம் என்பார்கள். மூன்று நொடி திறந்து நிற்பதைக் குறைத்தால் அது திரும்பக் கிடைத்துவிடும்.

அதுவரை ஒட்டினதை எடுக்க: கேட்டைத் திற, மோட்டாரை நிறுத்து, பித்தளைக் கம்பியால் எடு. ஸ்குரூடிரைவர் வேண்டாம், மோல்டு கீறிப்போகும்.

கிரைண்டர்ரூம்:
கேட் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். நான் பிளாஸ்டிக்கை உருக்குகிற பேரல் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் என் முன்கையில் தழும்பு இருக்கிறது. பேரலின் முனையான நாசில் அடைத்துக்கொண்டால் நேர் எதிரே நிற்காதீர்கள். பின்னால் அழுத்தம் தேங்கியிருக்கும், சூடு ஏறி அடைப்பு விட்டதும் சுட்ட பிளாஸ்டிக் பீச்சும். முதலில் பேரலுக்குள் இருக்கிற ஸ்குரூவைப் பின்னுக்கு இழுத்து அழுத்தத்தை விடுங்கள், நாசிலை மறைக்கிற பர்ஜ் கார்டை மூடுங்கள், முகத்துக்கு ஷீல்டு போடுங்கள். பிளாஸ்டிக் மணி கொட்டுகிற ஹாப்பர் வாயிலும் எட்டிப் பார்க்காதீர்கள், சில சமயம் வாயு மேலேயும் அடிக்கும்.

தோலில் ஒட்டிவிட்டால் பிய்க்காதீர்கள், தோலும் கூடவே வரும். நான் பிய்த்தேன், அதுதான் தழும்பு. ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் பிடித்துவிட்டு டாக்டரிடம் போகணும். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்னே கழற்றிவிடணும்.

இன்னொன்று, டெல்ரின் (அசிட்டால் வகைப் பிளாஸ்டிக்) ஓடிய பேரலில் பிவிசி போடவே கூடாது, பிவிசி ஓடியதில் டெல்ரினும் கூடாது. மிச்சம் கொஞ்சம் கலந்தாலும் கண் எரிகிற வாயு கிளம்பும், உள்ளே அழுத்தமும் ஏறும். நடுவில் பாலித்தீன் விட்டு முழுக்கக் கழுவணும்.

இரவுஷிப்ட்:
எல்லாருக்கும் நன்றி. பழையசெட்டர் அண்ணா சொன்ன மாதிரியே "ஏன் ஒட்டுகிறது" என்று ஆரம்பித்தேன். எங்கள் செட்டர் ஹோல்டிங்கைக் குறைத்தார், கூலிங் ஒரு நொடி கூட்டினார். நேற்று ஷிப்ட் முழுக்க நாலு பீஸ்தான் ஒட்டியது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் அவரே கம்பியை வெட்டிவிட்டார். ஆயில் வால்வின் ரோலரையும் கட்டித்தான் வைத்திருந்தார்கள், அதையும் அவிழ்த்தாயிற்று. கேட்டைத் திறந்து மோல்டு குளோஸ் அழுத்திப் பார்த்தோம், அசையவில்லை. ஆனால் அந்த இரும்பு பார் விழவில்லை. மேல் மூடியைக் கழற்றினால், பாரைத் தூக்கி ஒரு துணியால் கட்டியிருக்கிறது. எத்தனை வருஷமாகவோ, துணி எண்ணெயில் ஊறிக் கறுப்பாகிவிட்டது.

பழையசெட்டர்:
முன்னால் இருந்த மோல்டு உயரம் வேறாக இருந்திருக்கும், பார் இடித்திருக்கும், நீளத்தைச் சரிசெய்யச் சோம்பல்பட்டுக் கட்டியிருப்பார்கள். இப்போதைய மோல்டுக்கு அளவு வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். பின்பக்க கேட்டைத் திறந்து பார்த்தீர்களா?