மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்காதவன் ரசிகனே இல்லையா?

சோபா சுல்தான்:
நேற்று வேறொரு இழையில் இருட்டறை ரசிகன் தீர்ப்பு எழுதியிருந்தார்: "மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்காமல் படம் பார்ப்பவனுக்கு டிவி எதற்கு, ஜன்னல் போதும்." அதற்குக் கைதட்டல் வேறு. அசைவை வழுவழுப்பாக்கும் அந்த டிவி செட்டிங் என் வீட்டில் ஆனில்தான் இருக்கிறது. படமும் சரி, மேட்ச்சும் சரி, வழுக்கிக்கொண்டு போகிறது. காசு கொடுத்து வாங்கிய வசதியை அணைத்து வைக்க எனக்கென்ன பைத்தியமா?

இருட்டறை ரசிகன்:
ஜன்னல் என்று சொன்னதில் மாற்றமில்லை. சினிமாவை நொடிக்கு 24 ஃப்ரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கிறார்கள். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று டிவி தானே ஊகித்து, புதிதாக ஒன்றை வரைந்து செருகுகிறது. ஒளிப்பதிவாளர் எடுக்காததைத்தான் நீங்கள் ரசிக்கிறீர்கள். பெரிய பட்ஜெட் படம்கூட மத்தியான சீரியல் மாதிரி தெரிவது அதனால்தான். 2018 டிசம்பரில் டாம் க்ரூஸே இயக்குநர் மெக்குவாரியோடு வீடியோ போட்டு, அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2019-ல் டிவிகளுக்கு ஃபிலிம்மேக்கர் மோடு என்று ஒரு செட்டிங்கை அறிவித்தார்கள். அதைப் போட்டால் ஸ்மூத்திங் அணைந்துவிடும். மேட்ச்சுக்காவது உதவுமா என்றால், அதிலும் பந்து காணாமல் போகும்.

சோபா சுல்தான்:
பந்து காணாமல் போகுமா? எங்கே போகும்? நான்கு வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு பந்தும் போனதில்லை.

இருட்டறை ரசிகன்:
பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். சிக்ஸருக்குத் தூக்கிய பந்து கேலரிக்கு மேலே போகும்போது கவனியுங்கள். பின்னால் ஆயிரம் தலை, ஆயிரம் கொடி. அதற்குள் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி எங்கே நகர்ந்தது என்று டிவிக்குப் பிடிபடாது. ஒரு கணம் பந்தே இருக்காது, அப்புறம் கொஞ்சம் தள்ளி முளைக்கும். ஓடி வருகிற பவுலரின் காலைச் சுற்றி, கொதிக்கிற தண்ணீர் மாதிரி ஒரு நெளிவு தெரியும். அதையும் பார்த்ததில்லையா?

மூன்றாம் அம்பயர்:
எனக்குப் பந்து போவது பிரச்சினையில்லை. ஸ்ட்ரீமிங்கில் பார்க்கிறேன், என் திரையில் பவுலர் ஓடி வரும்போதே மேல்வீட்டில் "அவுட்டு!" என்று கத்திவிடுகிறார்கள். இதற்கு ஏதாவது செட்டிங் இருக்கிறதா?

சோபா சுல்தான்:
மேல்வீட்டுக்காரர் கத்துவதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு பந்தைப் பற்றி.

பிக்சல் பித்தன்:
இரண்டு பேரும் முதலில் டிவி திரை எந்தப் பேனல், எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை தடவை படம் மாற்றும்), ஸ்மூத்திங் எந்த லெவலில் என்று சொல்லுங்கள். 60 ஹெர்ட்ஸ் பேனலில் 24 ஃப்ரேம் படம் ஓட, ஒரு ஃப்ரேமை 2 தடவையும் அடுத்ததை 3 தடவையும் காட்டியாக வேண்டும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சி திக்கித் திக்கிப் போவது அதனால்தான். 120 என்றால் எல்லா ஃப்ரேமும் 5 தடவை, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஓஎல்இடி வகைத் திரையில் பிக்சல் சட்டென்று மாறிவிடுவதால் அசைவு வேறு மாதிரி வெட்டி வெட்டித் தெரியும். அதற்கு ஸ்மூத்திங்கை லேசாக ஒரு லெவல் வைப்பதில் குற்றமில்லை.

இருட்டறை ரசிகன்:
ஆப்டிகல் கேபிளில் வரவே வராத அட்மாஸ் சரவுண்ட் ஒலியை வரும் என்று சவுண்ட்பார் இழையில் மூன்று பக்கம் சாதித்தவர் நமக்கு லெவல் சொல்ல வந்துவிட்டார். விஷத்தில் லேசான லெவல் என்ன, கனமான லெவல் என்ன?

பிக்சல் பித்தன்:
அதை அன்றைக்கே திருத்திவிட்டேன். உங்களுக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

ரிமோட் ராணி:
இந்த ஸ்மூத்திங்கையே ஒரு கம்பெனி ட்ரூமோஷன் என்கிறது, இன்னொன்று மோஷன்ஃப்ளோ, வேறொன்று ஆட்டோ மோஷன் ப்ளஸ். எங்கள் வீட்டில் அது ஆனா ஆஃபா என்றே யாருக்கும் தெரியாது. நிம்மதியாக இருக்கிறோம்.

சோபா சுல்தான்:
நேற்று ராத்திரி ஒரு பழைய மேட்ச்சைப் போட்டு உட்கார்ந்தேன். 11 சிக்ஸர். நானும் பையனும் எண்ணினோம். 11 பந்தும் பத்திரமாகக் கேலரியில் போய் விழுந்தன. வழுக்கிக்கொண்டு போனது.

இருட்டறை ரசிகன்:
கண் கெட்டுப் பழகிவிட்டது, வேறென்ன. மேட்ச் ஒளிபரப்பே நொடிக்கு 50, 60 ஃப்ரேமாக வருகிறது. அதில் டிவி செருகித்தான் வழுக்க வேண்டுமா?

சோபா சுல்தான்:
ஆஹா, மாட்டினீர்கள்! செருகவே தேவையில்லை என்றால் பந்தைத் தொலைத்தது யார்?

இருட்டறை ரசிகன்:
தேவையில்லை என்றுதான் சொன்னேன், செருகாது என்றா சொன்னேன்? 120 பேனல் 60-ஐ 120 ஆக்கச் செருகத்தான் செய்யும். பந்து அங்கேதான் போகிறது.

சோபா சுல்தான்:
என்னுடையது 60.

பிக்சல் பித்தன்:
அப்படியானால் மேட்ச்சில் உங்கள் ஸ்மூத்திங்குக்குச் செருக இடமே கிடையாது. வழுக்குவது ஒளிபரப்பே அப்படி வருவதால். பந்து போகாததும் அதனால்தான். நீங்கள் அடித்துக்கொள்வது வேலையே செய்யாத ஒரு பட்டனுக்காக.

சோபா சுல்தான்:
பார்த்தீர்களா! பந்து போகவில்லை என்று பித்தனே ஒப்புக்கொண்டார்.

இருட்டறை ரசிகன்:
60 ஹெர்ட்ஸ் டிவியை வைத்துக்கொண்டா என்னோடு நாலு நாளாக வாதம்? முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் பதிலே எழுதியிருக்க மாட்டேன். என் டிவியில் பந்து போகும். வந்து பாருங்கள்.

ரிமோட் ராணி:
உங்கள் டிவியில்தான் ஸ்மூத்திங் ஆஃப் ஆயிற்றே?

மூன்றாம் அம்பயர்:
மேல்வீட்டில் மறுபடி கத்துகிறார்கள்.

சோபா சுல்தான்:
ராணி கேட்டதற்குப் பதிலைக் காணோமே. அதுவும் கேலரிக்கு மேலே போய்விட்டதா?

இருட்டறை ரசிகன்:
சோதனைக்காக ஆன் செய்து பார்த்தேன். ஒரே ஒரு தடவை. பந்து போனது.