புதுப்பிப்பு: ஆறு இலக்கக் குறியீட்டை ஏற்க மறுத்த பாடத்தளம் – பிழை தீர்ந்தது

கடவுச்சொல் சரியாக இருந்தும், கைபேசியிலுள்ள சரிபார்ப்புச் செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீட்டை இட்டால் தங்கையின் இணையவழிப் பாடத்தளம் 'குறியீடு தவறு' என்றே திருப்பி அனுப்புகிறது எனப் போன வாரம் கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குக்கீகளை அழித்தோம், உலாவியை மாற்றினோம், பலிக்கவில்லை. 'கைபேசியின் கடிகாரத்தைப் பாருங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது.

கணினியையும் கைபேசியையும் அருகருகே வைத்தோம். கணினியில் 7.42, கைபேசியில் 7.46! பழுதுபார்த்து வாங்கியதிலிருந்து தானியங்கி நேரம் அணைந்தே கிடந்திருக்கிறது. சரிபார்ப்புச் செயலி குறியீட்டை இணையத்திலிருந்து பெறுவதில்லை. செயலியை அமைக்கும்போது அதில் பதிவான ரகசியச் சாவியையும் கைபேசியின் நேரத்தையும் வைத்துத் தானே கணக்கிடுகிறது. தளமும் அதே சாவியையும் தன் நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. 30 விநாடிக்கு ஒரு புதிய குறியீடு என்றால், நான்கு நிமிடத்தில் எட்டுக் குறியீடுகள் தள்ளிப்போய்விடும்.

தானியங்கி நேரத்தை இயக்கிய பிறகும் உள்ளே விடவில்லை. இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பலமுறை தவறியதால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டிருப்பதாக உதவி மையத்தில் சொன்னார்கள். திரையிலோ அதே பழைய செய்தி. அரை மணி நேரம் எதையும் தொடாமல் இருந்தோம். அடுத்த முயற்சியிலேயே திறந்தது.

செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ நினைப்பவர்கள் தயவுசெய்து பொறுங்கள். காப்புப் பிரதி இல்லையென்றால் சாவியும் அதோடு போய்விடும்.