80ஸ் ஹாரர் படம் சஜஸ்ட் பண்ணுங்க மக்களே

எண்பதுகள்ல வந்த நல்ல ஹாரர் படம் இருந்தா சொல்லுங்கப்பா. கிராபிக்ஸ் இல்லாம ரப்பர், மேக்கப், பொம்மைன்னு கையாலயே எஃபெக்ட்ஸ் பண்ணிருக்கணும், அதான் முக்கியம். ஜான் கார்பென்டரோட தி திங் (1982) பார்த்துட்டேன், அந்த ரத்த டெஸ்ட் சீன்ல ஒவ்வொருத்தன் ரத்தத்துலயும் சூடு கம்பிய வைக்க வைக்க எவன் மனுஷன் எவன் இல்லன்னு தெரியாம மூச்சே விடல நானு, இப்ப வர்ற படத்துல அந்த பயமே இல்ல. க்ரோனென்பெர்க்கோட தி ஃப்ளை (1986) முடிச்சாச்சு. ஷைனிங்கும்தான், அத திரும்ப சொல்லாதீங்க. ஸ்லாஷர் (கொலைகாரன் ஒருத்தன் ஒவ்வொருத்தரா வெட்டிக் கொல்ற மாதிரி படம்) வேணாம், ஃப்ரைடே தி தர்ட்டீன்த் மட்டுமே 1980ல இருந்து 1989க்குள்ள எட்டு பாகம் எடுத்து தள்ளிருக்காங்க, யாரு பார்க்குறது! ஓநாய் மனுஷன், ஜாம்பி எதுனாலும் ஓகே, அதிகம் பேசப்படாத படம்னா டபுள் ஓகே. கிளைமாக்ஸ மட்டும் உடைச்சிடாதீங்க ப்ளீஸ்.