மறு: மறு: பாதி முடியும் நேரத்துக் ‘கன்சர்வேடிவ்’ ஆட்டம் – தமிழில் என்ன?

செ. எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு, அமெரிக்கக் கால்பந்து விளக்கக் காணொளிக்குத் தமிழ் வரிகள் வெள்ளிக்குள் போக வேண்டும். ‘கன்சர்வேடிவ் ப்ளே காலிங்’, அதாவது ஆபத்தைத் தவிர்க்கப் பார்க்கும் ஆட்டத் தேர்வு, திரும்பத் திரும்ப வருகிறது. சூழல் இது: முதற்பாதி முடிய 1 நிமிடம் 10 நொடி. பந்து சொந்த எல்லைக்கோட்டிலிருந்து 15 கெஜத்தில். பயிற்சியாளர் எறியவே சொல்லாமல் மூன்று தடவையும் பந்தைக் கையில் கொடுத்து ஓடச் சொல்கிறார். முதல் வரைவில் ‘பழமைவாத ஆட்டம்’ என்று கிடக்கிறது. ‘பாதுகாப்பு ஆட்டம்’ என்று மாற்றலாமா?

நா.:
பழமைவாதம் ஒழியட்டும், ஆனால் பாதுகாப்பும் வேண்டாம். எதிரணியிடம் டைம் அவுட் (கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் உரிமை, பாதிக்கு மூன்று) ஒன்றும் இல்லையென்றால் உங்கள் சூழலில் இரண்டு ஓட்டம் போதும்: ஓட்டத்துக்கு ஐந்து நொடி, அடுத்த ஆட்டத்துக்கு முன் 40 நொடி கடிகாரம் ஓடும், பாதி முடிந்துவிடும். எதிரணியிடம் மூன்று டைம் அவுட் இருந்தால் கதை வேறு. முதற்பாதியில் மிஞ்சியது இரண்டாம் பாதிக்கு வராது, அதனால் கஞ்சத்தனம் இல்லாமல் செலவழிப்பார்கள். 1:05, 1:00, 0:55 என்று நிறுத்தி நிறுத்தி, பத்து கெஜம் போகக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில் உங்களைப் பந்தை உதைத்துக் கொடுக்க வைப்பார்கள். அவர்களுக்கு நடு மைதானத்துக்குப் பக்கத்தில் பந்து, கையில் முக்கால் நிமிடம். ஓரக்கோட்டுக்கு எறிந்து கடிகாரத்தை நிறுத்திக்கொண்டு இருபது கெஜம் போனால் கம்பங்களுக்கு நடுவே மூன்று புள்ளிக்கு உதைத்துவிடலாம். இதற்கா பாதுகாப்பு என்று பெயர்? ரசிகர்கள் சண்டை போடுவதே அதைப் பற்றித்தான். சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

பொ.:
ஐயன் இதற்குச் சொல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், காலமறிதலில். ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.’ தகர் என்பது ஆட்டுக்கடா. ஒடுக்கம் என்றால் கோழைத்தனம் அன்று, காலம் பார்த்துப் பின்வாங்குதல். ஒடுங்கு என்பதை ஒதுங்கு, ஒட்டு, ஒல்கு ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தால்...

அ.:
ஐயா, வேர் ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், வரி திரையில் நிற்பது இரண்டு மூன்று நொடி. இன்றைக்கு ஒடுக்கம் என்றால் ஒடுக்குமுறைதான் கண்ணில் படும். ‘ஆட்டம்’ சேர்த்துப் புணர்த்தினால் ‘ஒடுக்கவாட்டம்’, அதில் வாட்டம்தான் மிஞ்சும். கடா பின்வாங்குவது பாய்வதற்கு. 2013 ஜனவரியில் டென்வர் அணி 31 நொடியும் இரண்டு டைம் அவுட்டும் கையில் இருக்க, 35–35 என்ற சமநிலையில், பந்தை வாங்கியவர் முழங்காலை ஊன்றி ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட, கூடுதல் நேரத்துக்குப் போனது. பால்டிமோரிடம் 38–35 என்று தோற்றது. எங்கே பாய்ச்சல்? ‘அடக்கி ஆடுதல்’ என்று வையுங்கள். ‘அடக்கி வாசி’ எல்லோருக்கும் தெரியும்.

பொ.:
அடக்குதல் பிறவினை அம்மா. யாரை அடக்கி? எதிரியையா, காளையையா? தன்வினையில் ‘அடங்கி ஆடுதல்’ என்றால் அடிமைத்தனம். ‘அடக்க ஆட்டம்’ என்றால் மயானம். ஒடுக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை.

கு.:
கபடியில் முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் பாடிப் போய், தடைக்கோட்டைத் தாண்டிவிட்டு, யாரையும் தொடாமல் 30 நொடியைத் தீர்த்து வருமே, அதே சங்கதி. ‘நேரம் கரைத்தல்’ போதாதா?

நா.:
போதாது. அது ஒரு பகுதிதான். டென்வர் கரைத்தது 31 நொடி. அதன் காரணம் நேரமன்று, எறிந்தால் பந்து பறிபோகுமோ என்ற அச்சம். இன்னொன்று: வரைவில் முழங்கால் ஊன்றுவதை ‘மண்டியிடுதல்’ என்று போட்டிருக்கிறார்கள். தமிழில் மண்டியிட்டவன் சரணடைந்தவன். இங்கே பெரும்பாலும் ஜெயிக்கிற அணிதான் ஊன்றுகிறது. 1978 நவம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸ் 17–12 என முன்னிலை, ஃபிலடெல்ஃபியாவிடம் டைம் அவுட் இல்லை. ஊன்றியிருந்தால் முடிந்தது. ஓட்டத்துக்குக் கொடுக்கப் போய்ப் பந்து நழுவியது, ஃபிலடெல்ஃபியாவின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் எடுத்துக்கொண்டு ஓடினார், 19–17 என்று ஜயண்ட்ஸ் தோற்றது. ஓட்டமே காப்பு என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். அப்புறம், ‘ஓட்டம்’ என்றால் நம்மவர் கிரிக்கெட் ரன் என்று எண்ணுவார்கள். ‘ஏந்தி ஓடல்’ என்று எழுதுங்கள்.

செ.:
நன்றி. அ. சொன்ன ‘அடக்கி ஆடுதல்’ என்றே வைக்கிறேன். ‘முழங்காலூன்றல்’, ‘ஏந்தி ஓடல்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஒடுக்கம் இணைச்சொல்லாக நம் சொல் தொகுப்பில் இருக்கும்.

பொ.:
இணைச்சொல் என்பது சொல்லுக்குத் தரும் ஓய்வூதியம். என் மறுப்பைப் பதிவு செய்க. ‘டைம் அவுட்’டுக்கு ‘ஓய்வு நேரம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே யாரும் ஓய்வெடுப்பதில்லை, கடிகாரத்தை நிறுத்துகிறார்கள். ‘நிறுத்தம்’ என்று மாற்றுங்கள்.

கு.:
பேருந்து நிறுத்தமா ஐயா?