அப்புச்சி வீட்டு ஸ்பீக்கர் பொட்டி: எங்கேயும் பெயர் இல்லை, எந்தக் கம்பெனி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்தில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்கு ஓடு மாற்றுகிறோம். அட்டாலியிலிருந்து சாமான்களை இறக்கும்போது, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த இரண்டு ஸ்பீக்கர் பொட்டி கிடைத்தது. இரண்டடி உயரம், நல்ல கனம், முன்னால் காப்பிப்பொடி நிறத்தில் துணி. பின்பக்கம் இரண்டு திருகுமுனை. பெயர், நம்பர், ஸ்டிக்கர் எதுவுமே இல்லை.

அப்புச்சி நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை இதில் பாட்டுப் போட்டால் களத்துமேடு வரைக்கும் கேட்கும் என்று அம்மா சொல்கிறார். 1984இல் அம்மா கல்யாணத்தின்போதே வீட்டில் இருந்ததாம். ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தேன். வலது பொட்டி அருமையாகப் பாடுகிறது. இடதில் அடிச்சத்தம் மட்டும்தான், பாடுகிறவர் போர்வைக்குள் இருப்பதுபோல. ஒரு கடையில் கேட்டதற்கு, “உள்ளே இருக்கிறதெல்லாம் வேஸ்ட்டு, புது எட்டு இன்ச் போட்டுத் தர்றேன்” என்றார்கள். மனசு வரவில்லை. என்ன பொட்டி என்று முதலில் தெரிய வேண்டும்.

உக்கடம் வாசி:
கடையில் விடாமல் வந்ததே பெரிய காரியமுங்க. பொட்டியின் வெளிப்புறத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. துணியும் மரமும் யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். அடையாளம் இருப்பது ஸ்பீக்கரின் முதுகில். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

பொட்டியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். துணிச் சட்டத்தை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள திருகுகளைக் கழற்றுங்கள். ஒரு கையால் ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பிடித்துக்கொண்டே செய்யுங்கள். உள்ளே இருக்கும் காந்தம் அதை வெடுக்கென்று இழுக்கும், முன்னால் இருக்கும் கூம்பில் (கோன்) ஓட்டை விழுந்துவிடும். எனக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் அப்படித்தான் போனது, இன்றைக்கும் வருத்தம்.

கழற்றியதும் காந்தத்தின் பின்புறம், இரும்புச் சட்டத்தின் விளிம்பு, கோனின் பின்பக்கம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அமெரிக்க ஸ்பீக்கர் என்றால் ஆறேழு இலக்க எண் குத்தியிருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்தவர்: 220 ஜென்சன், 137 சி.டி.எஸ், 465 ஆக்ஸ்ஃபோர்டு. அடுத்தது ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். இங்கிலாந்து கெஃப் கம்பெனி என்றால் எஸ்.பி. என்று தொடங்கும்: எஸ்.பி.1003 என்றால் பி110 என்ற வூஃபர் (அடிச்சத்தம் தருவது), எஸ்.பி.1032 என்றால் டி27 என்ற ட்வீட்டர் (மேல்சத்தம் தரும் சின்னது). இந்த இரண்டும்தான் பி.பி.சி.யின் பேர்போன எல்.எஸ்.3/5ஏ பொட்டிக்குள் இருந்தவை. அப்படி ஏதாவது தென்பட்டால் கையை எடுத்துவிட்டு உடனே சொல்லுங்கள்!

பவானி ரேடியோசெட்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ட்வீட்டரின் ஒரு ஒயரையாவது கழற்றிவிட்டு அளந்து பாருங்க தம்பி. 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஆறரை காட்டும், அது சரிதான். 4 ஓம் என்றால் மூணு, மூணரை. முள்ளே அசையவில்லை என்றால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போச்சு. பேட்டரி வைத்துத் தட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் வூஃபரோடு நிறுத்திக்குங்க, ட்வீட்டர் பக்கம் வேண்டாம்.

கோபிக்காரன்:
நேற்று ராத்திரி கழற்றினோம். வூஃபர் காந்தத்தின் பின்னால் ஏடி 8060/டபிள்யூ8 என்று அச்சடித்திருக்கிறது. சின்னதில் ஏடி 0160/டி8. இரண்டு பொட்டியிலும் அதேதான். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் மெத்தென்று இருக்கிறது, கிழிசல் இல்லை. இடது ட்வீட்டர் மீட்டரில் 6.4 காட்டுகிறது.

உள்ளே பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. கம்பளியோ கண்ணாடி இழையோ இல்லை, முழுக்க மில் பஞ்சு! கொசுவலைத் துணியில் பொட்டலம் கட்டி நாலு பக்கமும் ஆணி அடித்திருக்கிறார்கள். முன்பலகையின் உள்புறம் பென்சிலில் “இடது” என்று தமிழில் எழுதி, வட்டம் வெட்டிய கோடும் அப்படியே இருக்கிறது. அது அப்புச்சி எழுத்து. அம்மாவும் பார்த்துவிட்டு அதேதான் என்றார். மூலையில் பல்லி முட்டை ஓடு நாலு.

உக்கடம் வாசி:
விடை கிடைத்துவிட்டதுங்க. இரண்டும் பிலிப்ஸ். ஏடி என்பது அவர்கள் வரிசை. எண்ணின் முன்பகுதி இன்ச் அளவு: 80 என்றால் எட்டு இன்ச், 01 என்றால் ஒரு இன்ச் டோம் (குமிழ் வடிவம்). டபிள்யூ வூஃபர், டி ட்வீட்டர், கடைசி 8 ஓம்.

ஆனால் பொட்டி எந்தக் கம்பெனியும் செய்ததில்லை, உங்கள் அப்புச்சி செய்தது. பிலிப்ஸ் அந்தக் காலத்தில் ஸ்பீக்கரைத் தனியாக விற்றதோடு, பொட்டி எத்தனை லிட்டர், கிராஸோவர் (அடிச்சத்தத்தையும் மேல்சத்தத்தையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) எப்படி என்று படம் போட்டுப் புத்தகமும் வெளியிட்டது. அதைப் பார்த்து ஆசாரியை வைத்துப் பலகை அறுத்துச் செய்தவர்கள் அன்றைக்கு உண்டு. பெயர்ப்பலகை இல்லாததற்குக் காரணம் அதுதான். இணையத்தில் மாடல் பெயர் தேடி அலைய வேண்டாம், கிடைக்காது. உள்ளே போட்டிருப்பது நல்ல சரக்கு, அந்த எட்டு இன்ச்சைத் தூக்கிக் கடாசச் சொன்னது பெரிய தப்பு.

பவானி ரேடியோசெட்:
6.4 காட்டுதுன்னா ட்வீட்டர் நல்லா இருக்கு. அதுக்கு முன்னால் வரிசையில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், அதைப் பாருங்க. முப்பது நாற்பது வருஷத்தில் உள்ளே காய்ந்துபோகும், அப்புறம் மேல்சத்தம் தாண்டி வராது.

கோபிக்காரன்:
அதேதானுங்க அண்ணா. 4.7 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) என்று போட்டிருக்கிறது, ஒரு முனை வீங்கி ரப்பர் மூடி வெளியே தள்ளியிருக்கிறது.

பவானி ரேடியோசெட்:
நான்-போலார் (பிளஸ் மைனஸ் பக்கம் இல்லாதது) என்று கேட்டு வாங்குங்க. பிளஸ் மைனஸ் குறி போட்ட சாதாரணக் கெப்பாசிட்டர் ஒன்றை மட்டும் போட்டுவிடாதீங்க. அவசரம் என்றால் 10 எம்.எஃப்.டி. இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்து வரிசையாகப் பற்ற வைத்தால் 5 ஆகும், ஓடும். ஆனால் ஃபிலிம் கெப்பாசிட்டர் கிடைத்தால் அதுதான் காலத்துக்கும் நிற்கும். வலது பொட்டியிலும் சேர்த்து மாற்றுங்க, இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கேட்காது.

கோபிக்காரன்:
கோயமுத்தூர் போய் ஃபிலிம் கெப்பாசிட்டரே வாங்கி வந்து இரண்டிலும் மாற்றியாச்சுங்க. இடது பாடுகிறது! ஜாலராச் சத்தம் கணீரென்று வருகிறது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரே சந்தேகம்: பழைய பஞ்சை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போடணுமா?

உக்கடம் வாசி:
ஈரம், பூச்சி இல்லையென்றால் தொடாதீங்க. அந்தச் சத்தத்தில் பஞ்சுக்கும் பங்கு உண்டு. பல்லி முட்டையை மட்டும் எடுத்துவிட்டு மூடுங்க.