மறு: மாடல் ஆர்டர் ரிடக்‌ஷன் – ‘வரிசைக்குறைப்பு’ என்றே வைப்போமா?

> ‘மாதிரி எளிமையாக்கம்’ போதாதா? கேட்டதும் புரிகிறதே.

புரிகிறதுதான் ஐயா. ஆனால் கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஓர் அமைப்பின் கணித மாதிரியை, நடத்தை அதிகம் மாறாமல் சிறிதாக்கும்போது எது குறைகிறது என்று அது சொல்லவில்லை. உராய்வை விட்டுவிடுவதும் எளிமையாக்கம்தான், நேரியலல்லாத சமன்பாட்டை நேரியலாக்குவதும் அதுதான். இங்கே மாதிரி ஏற்கெனவே நேரியல். குறைவது நிலைமாறிகளின், அதாவது அமைப்பின் அந்தந்த நேர நிலையைக் குறிக்கும் மாறிகளின், எண்ணிக்கை.

கடலூரில் என்னிடம் படிக்கும் டிப்ளமோ பிள்ளைகள் பலர் தமிழ்வழியில் வந்தவர்கள். நெய்வேலி பக்கத்திலேயே இருப்பதால் அனல்மின் நிலையக் கொதிகலனைத்தான் காட்டுவேன். வால்வு சில நொடிகளில் திறந்துவிடும். நீராவி அழுத்தம் அடங்க நிமிடக்கணக்கில் ஆகும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்துபவருக்கு வால்வின் அசைவு தனிச் சமன்பாடாக வேண்டியதில்லை. துருவங்கள் (ஒவ்வோர் அசைவும் எவ்வளவு வேகமாக அடங்கும் என்று காட்டும் எண்கள்; பூச்சியத்திலிருந்து இடப்புறம் தள்ளிப்போகப்போக வேகம் அதிகம்) −1, −100 என்று இருந்தால், −100ஐ விட்டுவிட்டு, இறுதியில் நிலைக்கும் மதிப்பை மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டாம் வரிசை அமைப்பின் வேலையை முதல் வரிசை மாதிரியே ஏறக்குறையச் செய்துவிடும்.

> ‘படிக்குறைப்பு’ என்றால் சின்னதாக இருக்குமே?

வேண்டாம். பள்ளிக் கணக்கில் வகைக்கெழுச் சமன்பாட்டின் வரிசை வேறு, படி வேறு. அணிக்கும் ‘வரிசை’ என்றே படிக்கிறார்கள். நிலைமாறிகளையும் அணிகளையும் கொண்டு எழுதும் நிலைவெளி வடிவத்தில் அமைப்பு அணியின் வரிசையும் நிலைமாறிகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான். இவ்வளவு பொருந்தி வரும் சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு?

அப்புறம், வரிசையைக் குறைக்க ப்ரூஸ் மூர் 1981இல் எழுதிய முறையான பேலன்ஸ்டு ட்ரங்கேஷன். அதற்கு ‘சமநிலை வெட்டு’ என்று வந்திருக்கிறது. சமநிலை என்றால் அமைப்பு அசையாமல் நிற்கும் புள்ளி என்று முன்பே பழக்கிவிட்டோம், குழப்பும். அவர் செய்தது வேறு: ஒவ்வொரு நிலைமாறியையும் உள்ளீடு எவ்வளவு எளிதில் அசைக்கிறது, வெளியீட்டில் அது எவ்வளவு தெரிகிறது, இவ்விரண்டும் ஒரே அளவாக வரும்படி ஆயங்களை மாற்றி, இரண்டிலும் வலுவற்றவற்றை விடுவது. ஆகவே ‘சமன்செய்த கத்தரிப்பு’ என்கிறேன். இப்படிச் சமன்செய்தபின் ஒவ்வொரு நிலைமாறிக்கும் வரும் அந்தப் பொது அளவுதான் அதன் ஹேங்கல் சிங்குலர் மதிப்பு. விட்டவற்றின் ஹேங்கல் சிங்குலர் மதிப்புகளைக் கூட்டி இரட்டித்தால் வருவதுதான் பிழையின் உச்சவரம்பு. இப்படியொரு உறுதி இருப்பதால்தான் இந்த முறை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இந்த ‘சிங்குலர் மதிப்பு’க்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. சிங்குலர் மேட்ரிக்ஸுக்கு, அதாவது அணிக்கோவை பூச்சியமாகும் அணிக்கு, வழங்கும் ‘பூச்சியக்கோவை அணி’யில் உள்ள ‘பூச்சியக்கோவை’ இங்கே உதவாது. இந்த மதிப்புகள் எல்லாமே பூச்சியத்தைவிடப் பெரியவையாகவும் இருக்கலாம். புதுச்சேரியில் கணிதம் நடத்தும் நண்பர்கள் வகுப்பில் என்ன சொல்கிறீர்கள்?